ஈன்றவளும் ஏகியவனும்: ‘அபராஜிதோ’ எழுப்பும் ஓர் அறவினா

பிரிவை ஆராய்ந்தவர்கள் தமிழர்கள். பாலை என்று ஒரு திணையையே அதற்கென ஒதுக்கினார்கள். பிரிவுக்குரிய காரணங்களை வகுத்த தொல்காப்பியர் கல்விக்காகப் பிரிவதையும் பொருளுக்காகப் பிரிவதையும் தனித்தனியே வைத்து எண்ணினார். ஆயினும் அப்பாடல்களில் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பவள் தலைவியே ஆவாள். தாய் புலம்புவதும் உண்டு. ஆனால் அவள் காதலனோடு சென்றுவிட்ட மகளை எண்ணிப் புலம்புகிறாள். போருக்குச் சென்ற மகனின் தாயைப் புறப்பாடல்களில் காண்கிறோம். படிக்கவும் பிழைக்கவும் புறப்பட்டுச் சென்ற மகனை எண்ணி ஊரில் தனித்திருக்கும் தாய்க்கு அகத்திணையில் ஒரு துறை வகுக்கப்படவில்லை.

தமிழ் வழங்கும் எல்லைக்கு அப்பால் வாழும் நம் குடும்பங்களுக்கோ அந்தத் தாய்தான் மிக அணுக்கமானவள். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நிலைபெற்றுவிட்ட நம் ஒவ்வொரு குடும்பத்தின் தொடக்கத்திலும் ஏதோ ஒரு புகைவண்டி நிலையம் இருக்கிறது. அதன் நடைமேடையில் ஒரு தாய் நின்றிருக்கிறாள். அவளை விட்டு வந்தது குற்றமா, கடமையா, இரண்டுமா என்ற வினாவை நாம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வதில்லை. இவ்வினாவை எவ்விதப் பூச்சும் இன்றி நம்முன் வைக்கும் ஒரு கலைப்படைப்பு வங்காளத்தில் பிறந்தது. சத்யஜித் ராய் 1956ஆம் ஆண்டு எடுத்த ‘அபராஜிதோ’ என்னும் திரைப்படம் அது. ‘வெல்லப்படாதவன்’ என்பது அச்சொல்லின் பொருள்.

கதையும் களமும்

விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் இறுதிப் பகுதியையும் அதன் தொடர்ச்சியான ‘அபராஜிதோ’ நாவலின் முற்பகுதியையும் கொண்டு அமைந்தது இப்படம். இது 1920ஆம் ஆண்டுக் காசியில் தொடங்குகிறது. சொந்தக் கிராமத்தை விட்டுப் படித்துறைகளில் புராணம் படித்துப் பிழைக்க வந்தவர் ஹரிஹர். அவருடைய மனைவி சர்வஜயா, மகன் அபு. மகள் துர்க்கையை முன்பே பறிகொடுத்த குடும்பம். காசியில் ஹரிஹரும் காய்ச்சலில் இறக்கிறார். வேறு வழியின்றிச் சர்வஜயா ஒரு செல்வர் வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். அவ்வீட்டு எசமானருக்குத் தன் மகன் சிற்றேவல் செய்வதை ஒருநாள் காண்கிறாள். மறுகாட்சியிலேயே தாயும் மகனும் வங்காளம் நோக்கிப் புகைவண்டியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். மகன் ஏவலாளாக வளரக் கூடாது என்ற முடிவைச் சொல் எதுவும் இன்றியே படம் நமக்கு உணர்த்திவிடுகிறது.

வயது முதிர்ந்த உறவினர் ஒருவரின் ஆதரவில் கிராமம் ஒன்றில் குடியேறுகிறார்கள். அபு புரோகிதத் தொழில் கற்கிறான். ஆனால் பள்ளிக்கூடத்தைக் கண்டதும் அவன் மனம் அங்கே ஓடுகிறது. தாய் இசைகிறாள். தலைமையாசிரியர் அவனுக்கு அயல்நாடுகளைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் நூல்கள் தருகிறார். உதவித்தொகை கிடைக்கிறது. கல்கத்தாவில் கல்லூரிப் படிப்பு. பகலில் வகுப்பும் இரவில் அச்சகத்தில் வேலையுமாக அவன் நாட்கள் நகர்கின்றன. ஊரில் சர்வஜயா தனியே நோயுறுகிறாள். அதை மகனிடம் மறைக்கிறாள். செய்தி அறிந்து அவன் வருவதற்குள் உயிர் பிரிந்துவிடுகிறது. அழுது தீர்த்த மகன், ஊரிலேயே இருந்து ஈமக்கடன் செய்து புரோகிதத்தையும் மேற்கொள்ளுமாறு முதியவர் கூறுவதை ஏற்காமல், மூட்டையை எடுத்துக்கொண்டு மீண்டும் கல்கத்தாவுக்கு நடக்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

இப்படத்தில் தீயவன் என்று சுட்டத்தக்க முக்கியப் பாத்திரம் எதுவும் இல்லை. பெரிய திருப்பங்களும் இல்லை. 1957ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற இதனை வங்க மக்கள் அன்று பெருமளவில் வரவேற்கவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையே விரியும் விலகலை இவ்வளவு நேராகக் காட்டியது பலருக்கு உவப்பாக இல்லை. உவப்பில்லாத அந்த இடத்தில்தான் நம் வினாவும் இருக்கிறது.

பெரியவர்களின் குறை

இளமை முதிரும்போது ஒருவன் முதலில் காண்பது உலகத்தை அன்று. தன்னை வளர்த்தவர்களின் குறைகளையே காண்கிறான். அபுவைச் சுற்றியுள்ள பெரியவர்கள் அனைவரும் குறையுடையவர்கள். தந்தை நல்லவர், கற்றவர்; ஆயினும் நாளை நல்ல காலம் வரும் என்ற நம்பிக்கையிலேயே இன்றைய அரிசியை மறந்தவர். உறவினரான முதியவர் அடைக்கலம் தந்தார். தந்ததோடு நில்லாமல் அபுவின் வாழ்நாள் முழுவதையும் தம் தொழிலுக்கு உரியதாக எண்ணிக்கொண்டார். தலைமையாசிரியர் உலக உருண்டை ஒன்றைப் பரிசாகத் தந்து பையனின் கண்ணைத் திறந்தார். அந்த உருண்டையில் ஒரு புள்ளியாகவும் தென்படாத கிராமத்துக் குடிசையில் ஒருத்தி தனியே எஞ்சுவாள் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சர்வஜயாவின் குறை வேறு வகையானது. கல்கத்தாவுக்குப் போகிறேன் என்று மகன் சொன்னபோது, என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அவளிடம் சினமாக வெளிப்படுகிறது. மகனை அறைந்துவிடுகிறாள். பிறகு தானே அவனைத் தேடிச் சென்று, சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பச் சம்மதிக்கிறாள். விடுமுறைக்கு வந்த மகன் காலையில் புறப்படவேண்டும், நேரத்தோடு எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டு உறங்குகிறான். அவளுக்கு எழுப்ப மனம் வரவில்லை. கருணா பானர்ஜியின் நடிப்பில் இக்காட்சிகளைக் காண்போர், அறைந்த கையும் பணத்தை எடுத்து நீட்டிய கையும் ஒரே கை என்பதை மறக்க இயலாது.

இவற்றைக் குறை என்று சொல்லலாமா என்று நம்மில் சிலர் தயங்குவர். தாயைத் தெய்வமாக்கிப் பழகிய மரபு நம்முடையது. ஆனால் தெய்வமாக்கப்பட்ட தாயிடம் எவரும், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. அச்சமும் ஆசையும் உள்ள ஒரு மனுஷியாக அவளைக் கண்டால்தான் அவளுக்குச் செய்யவேண்டியது என்ன என்பதும் புலப்படும். பெரியவர்களின் குறையைக் காண்பது மரியாதைக் குறைவு ஆகாது. கண்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதே பண்பைக் காட்டும்.

கடன் என்னும் சொல்

தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல் கடமையையும் குறிக்கிறது. வாங்கிய பணத்தையும் குறிக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைப் பேசும்போது இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வளர்த்ததைக் கொடுத்த கடனாகவும் முதுமையில் காப்பதைத் திருப்பிச் செலுத்தும் தவணையாகவும் எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

பணக்கடனுக்கு ஓர் அளவு உண்டு. கேட்டு வாங்கியவன் உண்டு. தீர்ந்த நாள் என்று ஒன்று உண்டு. வளர்ப்புக்கு இவை எவையும் இல்லை. எந்தக் குழந்தையும் கையொப்பமிட்டு இவ்வுலகிற்கு வரவில்லை. ஆகவே, ‘உனக்காக இவ்வளவு செய்தேனே’ என்று பெற்றோர் கணக்குக் காட்டுவது பொருந்தாது. இதையே காரணமாகக் கொண்டு, ‘எனக்கு எந்தக் கடனும் இல்லை’ என்று பிள்ளை கைகழுவுவதும் பொருந்தாது. கடன் என்பது வாங்கியதால் மட்டும் வருவதன்று. இன்னாருக்கு இன்னாராக இருப்பதாலும் வருவது. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல் அச்சொல்லை இப்பொருளிலேயே ஆள்கிறது. பெறுதல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும் எனக் கடன்களைப் பகிர்ந்தளிக்கும் அப்பாடல், காளைக்கு உரிய கடனாகப் போர்க்களத்தில் களிறெறிந்து மீள்வதையே கூறுகிறது. பெற்றவளுக்குத் திருப்பித் தருவது பற்றி அங்கே பேச்சு இல்லை.

அன்றைய போர்க்களத்தின் இடத்தில் இன்று கல்லூரியும் அலுவலகமும் நிற்கின்றன. ஆகவே அபு கல்கத்தாவுக்குப் போனதில் குற்றம் இல்லை என்றே நாம் கருதுகிறோம். அவன் கிராமத்தில் தங்கியிருந்தால் தாயின் அருகில் ஒரு மகன் இருந்திருப்பான். ஆனால் ஏவலாளாக வளரக் கூடாது என்று அவள் காசியிலிருந்து அழைத்து வந்த மகன் அவனாக இருந்திருக்க மாட்டான். தாயின் விருப்பமே இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவன் உயர வேண்டும் என்பது ஒன்று. அவன் அருகில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றை நிறைவேற்றியவன் மற்றொன்றை மீறியவனாகவே ஆகியிருப்பான்.

எங்கே பிழை நேர்ந்தது?

போனது பிழையன்று என்றால், படம் முடிந்தபின் நம் நெஞ்சை உறுத்துவது எது? இரண்டு சிறு காட்சிகளை நினைவுகூர்வோம்.

முதல் காட்சியில், விடுமுறைக்கு வந்த அபு படுத்திருக்கிறான். அருகில் அமர்ந்த தாய் பேசிக்கொண்டே வருகிறாள். நான் நோயில் விழுந்தால் வந்து பார்ப்பாயா, நீ சம்பாதித்து எனக்கு மருத்துவம் செய்வாயா என்ற பொருளில் அவள் கேட்கும்போது மறுமொழி இல்லை. அவன் உறங்கிவிட்டான். பகலும் இரவும் உழைத்துக் களைத்த இளைஞனின் உறக்கம் அது. எந்த நீதிமன்றமும் அதைக் குற்றம் என்று கொள்ளாது. மறுநாள் அவன் நிலையம் வரை சென்றவன், வண்டி வந்தும் ஏறாமல் வீடு திரும்பி, வண்டி தவறிவிட்டது என்கிறான். அந்தப் பொய்யில் எவ்வளவு அன்பு இருக்கிறது! ஆனால் அவள் கேட்ட வினா மறுமொழியின்றியே கிடக்கிறது.

இரண்டாம் காட்சி கல்கத்தாவில் நிகழ்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் போகாமல் தங்கிவிட்ட அபு, தாய் வருந்தமாட்டாரா என்று நண்பன் கேட்கும்போது, சிறு தொகை ஒன்றை மணியார்டர் அனுப்பிச் சமாளித்துவிட்டதாகச் சொல்கிறான். கடனைப் பணக்கடனாகவே கண்டவனின் மறுமொழி இது. மணியார்டரால் தீர்ந்துவிடும் கடன் ஒன்று. தீராத கடன் வேறொன்று. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பி அஞ்சலக ரசீதைப் பெட்டியில் பத்திரப்படுத்திய தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. பணம் வேண்டாததன்று, பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். ஆனால் படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுத விடப்பட்டிருந்த சிறிய இடத்தைத்தான் அங்கிருந்தவர்கள் முதலில் படித்தார்கள்.

மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டு மகிழும் தாயை வள்ளுவர் மக்கட்பேற்று அதிகாரத்தில் காட்டுகிறார். மகன் அருகிலேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை அங்கே அவர் வைக்கவில்லை, தொலைவிலிருந்தும் கேட்கலாம். தாய்க்குச் செவி உரியது என்றால் மகனுக்கும் அது உரியதே. அவள் சொல்வதை அவனும் கேட்கவேண்டும். அபுவின் பிழை பிரிந்தது அன்று, கேளாதது. அதுவும் மிகச் சிறிய பிழை. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் அதே போல் உறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார்கள் மறுநாளும் உயிரோடு இருந்ததால் அப்பிழை எவர் கண்ணிலும் படவில்லை. சர்வஜயா இறந்துபோனதால் அபுவினுடைய பிழை பெரிதாகிவிட்டது. விளைவைக் கொண்டு மனிதரை அளப்பது நேர்மையாகாது. என்றாலும், சிறிய பிழைகள் எப்போது பெரியவையாகும் என்பது நம் கையில் இல்லை என்ற எச்சரிக்கை அதில் உள்ளது.

மறைத்தல் தியாகமா?

நோய் முற்றியபோது, மகனுக்கு எழுதட்டுமா என்று அண்டை வீட்டார் கேட்கிறார்கள். தேர்வு நெருங்குகிறது, வேண்டாம் என்று சர்வஜயா தடுத்துவிடுகிறாள். மரத்தடியில் சாய்ந்து, தொலைவில் செல்லும் புகைவண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரவில், இருளில் மின்மினிகள் பறப்பதைக் கண்டு நிற்கிறாள். இப்படத்தின் மிகத் துயரமான காட்சிகள் இவை; மிக அமைதியானவையும் இவையே.

இதனைத் தியாகம் என்று போற்றுவது எளிது. நாமும் போற்றவே விரும்புகிறோம். ஆனால் அறத்தின் பார்வையில் ஒரு வினா எழுகிறது: இதனால் அபு எதை இழந்தான்? தேர்வை இழக்கவில்லை. தாயா தேர்வா என்று தானே முடிவு செய்யும் உரிமையை இழந்தான். அறிந்திருந்தால் அவன் ஓடோடி வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எதுவாயினும் அது அவன் செயலாக இருந்திருக்கும். அவனுக்காக அவளே முடிவெடுத்தாள். அதனால் கேளாமலே அவனைக் கடமை தவறியவனாக்கிவிட்டாள். முன்பு கேட்டதற்கு மறுமொழி வராத வருத்தமும் அந்த மறைப்பில் கலந்திருக்கலாம். அன்பும் மனத்தாங்கலும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கும் நிலை அது. அவளைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. அன்பினால் செய்யப்பட்டது என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது என்பதற்காகக் கூறுகிறோம்.

நம் வீடுகளில் இது அன்றாட வழக்கம். ஊரில் தந்தை மருத்துவமனையில் இருப்பார். ‘இங்கே எல்லோரும் நலம்’ என்று செய்தி வரும். இங்கே வேலைக்கு ஆபத்து நேர்ந்திருக்கும். ‘ஒரு குறையும் இல்லை’ என்று நாமும் எழுதியிருப்போம். முன்பு கெட்ட செய்தியைத் தந்தி கொண்டுவந்தது. அச்சேவையும் 2013ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. இன்று முகம் பார்த்தே பேசும் கைப்பேசிகள் வந்துவிட்டன. ஆனால் மறைக்க விரும்புகிறவர் விளக்கொளியை நோக்கிச் சற்றுத் திரும்பி அமர்ந்தால் போதும். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் உண்மை தானாக வெளிவராது. சொல்லும் துணிவு பெரியவர்களுக்கும், குடைந்து கேட்கும் பொறுமை இளையவர்களுக்கும் வேண்டும்.

விடுதலை உணர்வு பாவமா?

இந்த நாவலில் ராயை ஆழமாகப் பற்றிக்கொண்ட இடங்களுள் ஒன்று, தாயின் இறப்புச் செய்தி கேட்டவுடன் அபுவின் உள்ளத்தில் எழும் ஒரு விடுதலை உணர்வைப் பற்றியது. தளை ஒன்று அறுந்தது போன்ற உணர்வு நொடிப்பொழுது தோன்றி, அதை உணர்ந்த அவனையே திடுக்கிடச் செய்கிறது. படிக்கும் நமக்கும் திடுக்கிடுகிறது. இவ்வளவு கொடியவனா இவன்?

நாம் அவ்வாறு எண்ணவில்லை. உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சிகளை நாம் வரவழைப்பதில்லை. அவை வந்தபின் என்ன செய்கிறோம் என்பதற்கே நாம் பொறுப்பாளிகள். அந்த உணர்வு தாயின் சாவில் கொண்ட மகிழ்ச்சியும் அன்று. இரு திசையில் இழுபட்ட ஒருவன், ஓர் இழுப்பு நின்றதை உடலளவில் உணர்ந்தது மட்டுமே. அதே அபுதான் வெறும் வீட்டின் முன் அமர்ந்து தேம்பி அழுகிறான். இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவர்களை ஆண்டுக்கணக்கில் பேணி, மலமும் சலமும் எடுத்து, இறுதியில் அவர்கள் மறைந்த அன்று ஒரு நொடி ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டு மருமகள்களும் மகள்களும். அம்மூச்சுக்காக அவர்கள் பிறகு பல ஆண்டுகள் தம்மையே நொந்துகொள்கிறார்கள். வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். கைவிட்டவனுக்கும் அந்த மூச்சு வரும், கைவிடாதவளுக்கும் வரும். ஆகவே அதைக் கொண்டு எவரையும் அளக்க இயலாது. அதற்கு முன் செய்த பணியே அளவுகோல். அவர்கள் கூச வேண்டியதில்லை.

படத்தின் முடிவையும் இவ்வாறே கொள்ள வேண்டும். ஈமக்கடனை அபு மறுக்கவில்லை. காளிகாட்டில் செய்துகொள்வதாகச் சொல்கிறான். அவன் மறுப்பது, இறந்தவளின் பெயரால் தன் வாழ்வைக் கட்டிப்போடுவதைத்தான். யமுனைக் கரையிலோ ஹூக்ளிக் கரையிலோ நின்று தாமிரபரணிக் கரையில் வாழ்ந்தவருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நம்மவர்க்கு அவன் நடை அந்நியமானதன்று.

நம் முறை

நாம் நம்மை அபுவாகவே எண்ணி இப்படத்தைக் காண்பது இயல்பு. ஆனால் காலம் நம்மை மெல்லச் சர்வஜயாவின் இடத்துக்கு நகர்த்திவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் புறப்படுகிறார்கள். உலக உருண்டையை நாமே வாங்கிக் கொடுத்தோம். அதைக் கையில் ஏந்தி அவர்கள் வண்டி ஏறும்போது, எங்களை யார் பார்ப்பார்கள் என்ற அச்சம் நம்மிடம் சினமாகவோ, செலவுக் கணக்காகவோ, மௌனமாகவோ வெளிப்படக் கூடாது. அச்சத்தை அச்சம் என்றே சொல்லலாம். அது இரத்தல் ஆகாது.

கொல்கத்தாவில் பிறந்த இப்படத்தின் மூலச்சுருள்கள் 1993ஆம் ஆண்டு லண்டனில் நேர்ந்த தீயில் சேதமுற்றன. பெருமுயற்சிக்குப் பின் 2015ஆம் ஆண்டு படம் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. ஆகவே இன்று தெளிவான படிவத்தில் காணக் கிடைக்கிறது. பதினாறு வயதை எட்டிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து காண்பது நன்று. தாய் வினவும்போது மகன் உறங்கிவிடும் அக்காட்சி முடிந்ததும், அவள் கேட்டதையே நாம் நம் பிள்ளைகளிடம் கேட்கலாம். அவர்கள் விழித்திருக்கும்போது கேட்பதும், அவர்கள் சொல்லும் விடை நமக்கு உவப்பாக இல்லாவிடினும் பொறுமையோடு கேட்டுக்கொள்வதும் நம் கடன்.